வைகறையா, பிரம்ம முகூர்த்தமா?

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கும் இருட்டு நேரத்துக்கு இரண்டு பெயர்கள். வடமொழியின் பிரம்ம முகூர்த்தம் கறாரானது. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி, ஒரே முகூர்த்தத்தில் முடிந்துவிடும். 6 மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை.

தமிழின் வைகறை தாராளம். நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்ததில் அதன் பங்கு பத்து நாழிகை: 2 மணி முதல் 6 மணி வரை. அலாரம் வைக்க முன்னது சரி. இருள் மெல்லக் கரைவதைச் சொல்ல எனக்கு வைகறைதான் பிடிக்கும்.

அப்புறம், ‘நண்பகல்’ இருந்தும் மதுரைக்காரர்கள் வாயில் வருவது ‘மத்தியானம்’. அது வடமொழி ‘மத்தியாஹ்ன’த்தின் பேரன்: நடுப்பகல்.