இரும்புச்சத்துக்கு எது கைகொடுக்கும்: ரேஷன் அரிசியா, கம்பா, முருங்கையா?

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. இரும்பு தேவை. பட்டை தீட்டிய சாதா பச்சரிசியில் 100 கிராமுக்கு 1 மி.கி. கூட இல்லை.

ரேஷனில் செறிவூட்டிய அரிசி, அதாவது சத்துகள் சேர்த்த அரிசி, வந்தால் அதில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. கூடவே ஃபோலிக் அமிலம், பி12. அரிசி மாவோடு சத்துகளைப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து எடுக்கிறார்கள். அதில் 1 கிலோவை 100 கிலோ அரிசியோடு கலக்கிறார்கள். இந்த மணிகள் சற்று மஞ்சளாக, பளபளப்பின்றி இருக்கும். கழுவும்போது சில மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிந்தால் மிஞ்சுவது சாதா அரிசிதான். கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் கரைந்து போகும். அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய பரம்பரை இரத்த நோய்கள் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

கம்பில், பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் உருவாக்கிய 'தனசக்தி' ரகத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 71 மி.கி. இரும்பு உண்டு. எண்ணிக்கையில் அரிசியை எளிதாக மிஞ்சுகிறது. ஆனால் கம்பில் இயற்கையாக உள்ள ஃபைட்டேட் என்ற சேர்மம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடல் அதில் சிறு பங்கைத்தான் உறிஞ்சும். அதனால் கம்மங்கூழுக்கு மாவைப் புளிக்க வைப்பது ருசிக்காக மட்டுமல்ல. 100 கிராம் மாவை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க விட்டால் ஃபைட்டேட் குறையும். காலையில் குருணை (நொய்) வெந்ததும் புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். தொட்டுக்கொள்ள நெல்லிக்காயோ பச்சை மாங்காயோ இருந்தால் வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாடெல்லாம் வீண். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கம்பு கடைகளில் தோற்கும் இடம் மாவு. கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்த சில நாளிலேயே சிக்கு வாடை வந்து கசக்கும். தானியமாக வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்க வேண்டும்.

முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 4.5 மி.கி. அளவில்தான் இரும்பு. ஒரு கைப்பிடிப் பொரியல் தருவது சொற்பம். சோகையை அது ஒன்றே தீர்க்கும் என்பது மிகை. ஆனால் கால்சியத்துக்காகவும் வைட்டமின் ஏ-க்காகவும் அதைக் கைவிடக் கூடாது. வேகும்போது வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியலாம்.

எங்கள் முடிவு: ரேஷனில் செறிவூட்டிய அரிசி வந்தால் தள்ளாதீர்கள். முட்டை, பால், மீன், இறைச்சி எட்டாத வீட்டில் பி12-க்கு அதுவே வழி; கம்பிலும் கீரையிலும் அது கிடையாது. இரும்புக்கு வாரத்தில் நாலைந்து வேளை புளித்த கம்பு.

நிலம் உள்ளவர்கள் தனசக்தியே விதைக்கலாம். ஒட்டு ரகம் அல்ல, விதையை எடுத்து வைக்கலாம். கம்பு அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் வேறு கம்பு வயல் 200 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. வரப்போரக் கதிர்களை விட்டு, வயலின் நடுவில் அடிச்சாம்பல் நோய் படாத செடிகளிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.