பழைய ஃபியட்டைப் புதுசாக்குகிறேன் என்று 3,40,000 ரூபாயை விழுங்கிய பட்டறை: துருப்பிடித்த வண்டி வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஃபியட் என்று எல்லோரும் சொல்லும் எங்கள் பிரீமியர் பத்மினியின் அடித்தகடு முழுக்கப் புதிதாக மாறிவிட்டது என்று நேற்று மதியம் வரை வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நேற்று வேறொரு மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பழைய வண்டிகளைப் பளபளவென்று மாற்றுவதாக வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை. சென்னைப் புறநகர். அது போதும்.

வண்டி 1978 மாடல். அப்பா வாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவே குளமாகிவிட்டது. சீட் வரைக்கும் தண்ணீர் ஏறி நின்றது. அதற்கு முன்பே அடியில் துரு இருந்தது, அதன் பிறகு கேட்கவே வேண்டாம். பின் சீட்டுக்கு முன்னால் மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரியும். எங்கள் பழைய மெக்கானிக், “சார், என்ஜின் பிரச்சினையே இல்ல. பாடிதான் முடிஞ்சு போச்சு. நல்லா யோசிச்சுச் செய்யுங்க” என்று சொல்லியிருந்தார். செய்வதா, விடுவதா என்ற குழப்பத்தோடுதான் இந்தப் பட்டறைக்கு ஒரு கருத்துக் கேட்கப் போனேன்.

பட்டறை முதலாளி அன்றைக்கு நடந்துகொண்ட விதத்தை விவரமாக எழுதுகிறேன். இப்படித்தான் எல்லோரையும் பிடிக்கிறார்கள். வண்டியை உடனே பார்க்கவில்லை. முதலில் டீ வரவழைத்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். பிறகு எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியர் தண்டை ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார். “அண்ணே, அப்பா கை பட்ட வண்டி. இதப் போய் எடைக்குப் போடுவாங்களா? இன்னும் மூணு வருஷத்துல அம்பது வருஷம் ஆயிடும், வின்டேஜ் ஆயிடும். அப்ப இதோட வெலையே வேற. எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, தகடு மொத்தமும் புதுசு போட்டுத் தர்றேன்” என்றார். என் அம்மா கூடவே நின்றிருந்தார். அம்மாவின் கண் கலங்கியதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் தொகையைச் சொன்னார்.

மொத்தம் 3,40,000. ஆரம்பத்தில் 1,50,000, நடுவில் 1,00,000, வண்டி எடுக்கும்போது 90,000. கடைசித் தொகையை ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்று நின்றார். சீட்டு கேட்டதற்கு, “நமக்குள்ள எதுக்குண்ணே சீட்டு” என்றார்.

நடுநடுவே வாட்ஸப்பில் போட்டோ வந்தது. அறுத்தெடுத்த ஃப்ளோர், புதுத் தகடு, வெல்டிங் பொறி பறக்கிற படம். இப்போது திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், ஒரு படத்தில்கூட எங்கள் நம்பர் பிளேட் கிடையாது, டேஷ்போர்டும் கிடையாது. யார் வண்டியோ! 2025 ஜூனில் கிரீம் கலரில் கண்ணாடி மாதிரி வண்டி வந்து வாசலில் நின்றது. அக்டோபர் மழை பெய்த பிறகு கதவோரம் பெயின்ட் கொப்பளிக்க ஆரம்பித்தது. போன வாரம் பங்க்சர் மாற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினால், டயர் தரையை விட்டு எழும்பும் முன்பே ‘கறக்’ என்று ஒரு சத்தம். டிரைவர் பக்கக் கதவைத் திறக்கவே முடியவில்லை. வண்டியை இறக்கியதும் திறந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று நேற்று அந்த மெக்கானிக் சொன்னபோதுதான் வயிறு கலங்கியது. தூக்கும்போது பாடி வளைகிறது.

அடியில் பூசியிருந்த கருப்புத் தாரைச் சுரண்டினார். அதன் கீழே ஃபைபர். ஃபைபருக்குக் கீழே அதே பழைய துரு, தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்கிறது. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி போல ஒரு பகுதி ஓடும் இல்லையா, அதற்குள் ஓட்டையை அடைக்க நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பேப்பரை இழுத்துப் பிரித்தோம். ஈரத்தில் ஊறிப் போயிருந்தது, ஆனால் தேதி நன்றாகத் தெரிந்தது. 2025 மார்ச். வண்டி அந்தப் பட்டறையில் நின்ற மாதம்.

உடனே பட்டறை முதலாளிக்குப் போன் போட்டேன். முதலில், “மழையில நிறுத்துனா எந்த வண்டியும் அப்படித்தாண்ணே.” அடுத்து, “அது பழைய ஓனர் பண்ண வேலையா இருக்கும்.” பழைய ஓனர் யார்? என் அப்பா! பேப்பர் தேதியைச் சொன்னதும் குரல் மாறியது. “வேலை பாத்த டிங்கர் ஊருக்குப் போயிட்டான், வந்தா கேக்குறேன்.” சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டால் பையன் எடுத்து, “அப்பா வெளியூர் போயிருக்காரு” என்கிறான். இன்று காலை நேரில் போனேன். அந்த மனிதர் உள்ளேதான் இருந்தார். “பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாதுன்னு போர்டே வச்சிருக்கோம். பில் இருக்கா உங்ககிட்ட?” அண்ணே என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது. அவர்கள் வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

பணத்தை விட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வண்டிக்குத் தனியாக சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் சேசிஸ். அம்பாசடரும் அப்படித்தான். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி கீழே தனிச் சட்டம் இருந்து, மேலே பாடியை போல்ட் போட்டு மாட்டிய வண்டி என்றால் கதை வேறு. பத்மினியில் கதவு, பானட், டிக்கி மூடி துருப்பிடித்தால் பழைய உதிரிப் பாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடி வேறு மாட்டிக்கொள்ளலாம். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டியும், ஃப்ளோரும், பின்பக்க லீஃப் ஸ்ப்ரிங் மாட்டுகிற இடமும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே பட்டி போடுவது ஆளைக் கொல்கிற வேலை. இந்த வண்டியில் என் அம்மாவை உட்கார வைத்து, ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு வரை போய் வந்திருக்கிறேன். ஸ்ப்ரிங் கொக்கி தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறியிருந்தால்? அந்த ஆளுக்கு இது தெரியாதா? தெரியும். முப்பது வருஷ அனுபவம் என்று வீடியோவில் சொல்கிறாரே!

செய்வதா விடுவதா என்பதை எப்படி முடிவு செய்வது என்று விளக்கமாக எழுத நினைத்தேன். இப்போது மனசு அந்த நிலையில் இல்லை. அவசரத்துக்குச் சில விஷயங்கள் மட்டும்.

வேலை செய்து சம்பாதிக்கப் போகிறவரிடமே ‘செய்யலாமா’ என்று கேட்காதீர்கள். வேறு ஆளுக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து, லிஃப்டில் ஏற்றி, அடியெல்லாம் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி ஓரமெல்லாம் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் மேலே இருப்பது தகடு இல்லை, தடிமனான பட்டியோ ஃபைபரோதான். ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்.

தாங்குகிற பகுதியை அறுப்பதற்கு முன்னால் கதவு இடைவெளியில் குறுக்கே பைப் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும், இல்லையென்றால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். அதைப் பற்றிப் பேச்செடுக்காத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். போட்டோவில் நம்பர் பிளேட் தெரிந்தால்தான் அடுத்த தவணை.

வின்டேஜ் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். 2021 விதிப்படி ஐம்பது வருஷம் ஆன வண்டிக்கு வி.ஏ. என்ற வின்டேஜ் நம்பர் வாங்க 20,000 ரூபாய் கட்டணம், சேசிஸ், பாடி, என்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. அந்த நம்பரை வைத்துக்கொண்டு தினமும் ஓட்டவும் முடியாது.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. என்னுடைய 3,40,000 அதற்குள்தான் வருகிறது. பேங்க் வழியாகப் போன இரண்டரை லட்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது, ரொக்கமாகப் போன 90,000க்கு வாட்ஸப்பில் அவர் அனுப்பிய ‘பணம் வந்துச்சுண்ணே’ மட்டும்தான். அந்த நியூஸ்பேப்பரைக் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

இப்போது இந்த மாதிரிப் பட்டறையில் வண்டி விட்டிருப்பவர்கள், தயவுசெய்து இன்றைக்கே சொல்லாமல் கொள்ளாமல் போய் அடியில் படுத்துப் பாருங்கள். கருப்புத் தார் அடித்துவிட்டால் அப்புறம் ஒன்றும் தெரியாது.