கஞ்சிக்கோட்டில் என்ட்ரா ஐடி: ஆள் வந்தால் திறக்குது, போனால் மூடுதா?

எஸ்எஸ்ஓ (ஒரே லாகினில் எல்லா ஆப்பையும் திறக்கும் வசதி) போட்டாச்சு, இனி யூசர் கணக்கு வேலையே கிடையாது என்று சேல்ஸ்காரர் சொன்னால் பாதியைத்தான் நம்பணும். எஸ்எஸ்ஓ பார்த்துக்கொள்வது லாகினை. ஆப்புக்குள்ளே கணக்கைத் திறப்பது, ஆள் போனதும் மூடுவது எல்லாம் புரொவிஷனிங். கஞ்சிக்கோட்டில் இருக்கும் எங்க ஃபேக்டரியில் இரண்டுமே, ஆட்களின் கணக்கையும் லாகினையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடியில்தான் ஓடுது. 2023 வரைக்கும் அஷூர் ஏடி என்று இருந்ததே, அதுதான்.

முதல் தலைவலி பேர். எங்க ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு சர்நேம் கிடையாது. கேரள-தமிழ்நாடு எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம், அதாவது கேரளாவில், இனிஷியல் பேருக்குப் பின்னால், அந்தப் பக்கம் முன்னால். கொழிஞ்சாம்பாறைக்காரர் 'முருகேசன் கே' என்றும் மதுக்கரைக்காரர் 'கே முருகேசன்' என்றும் ஃபாரத்தில் எழுதுவார்கள். இனிஷியலே ஏறாத ஆட்களும் உண்டு. நாங்கள் வாங்கிய ஒரு கம்ப்ளெயின்ட் ஆப்பில் (எந்த ஆப் என்று சொல்ல வேண்டாம்) கடைசிப் பெயர் காலியாக வந்தால் கணக்கே திறக்காது. என்ட்ராவின் எந்த விவரம் ஆப்பின் எந்தக் கட்டத்துக்குப் போகணும் என்று சொல்லும் அட்ரிபியூட் மேப்பிங்கில், காலியில்லாத முதல் விவரத்தை எடுக்கும் கோலெஸ் ஃபங்ஷன் போட்டு, சர்நேம் இல்லையென்றால் முதல் பேரையே எடுத்துக்கோ என்று வைத்தேன். கணக்கு திறந்தது. 'முருகேசன் முருகேசன்', 'செல்வி செல்வி' என்று லிஸ்ட் வந்ததும் எச்ஆர் சேச்சி, "என்ன தம்பி, எல்லாரும் டபுள் டபுளா இருக்காங்களே?" என்றார். இருக்கட்டும் சேச்சி என்றேன். ஆளைப் பொருத்திப் பார்ப்பதை மட்டும் பேரை நம்பி வைக்காதீங்க. மெயில் ஐடியோ எம்ப்ளாயி நம்பரோ வையுங்க. இல்லாவிட்டால் பழைய கணக்கு இருக்கவே புதுசாக ஒன்று முளைக்கும்.

வேகம் சுமார். என்ட்ரா சுற்றுச் சுற்றாகத்தான் மாற்றங்களை ஆப்புக்கு அனுப்பும். முதல் சுற்று ஆள்கணக்கைப் பொறுத்து நேரம் எடுக்கும். அப்புறம் ஏறக்குறைய 40 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. அதைக் குறைக்க வழியில்லை. காலை ஷிஃப்ட்டில் சேர்ந்தவர் டேப்லெட்டோடு நிற்கும்போது 40 நிமிஷம் பெரிசு. அதற்கு 'ப்ரொவிஷன் ஆன் டிமாண்ட்' பட்டன் இருக்கு. ஒரு ஆளைத் தேர்ந்து அழுத்தினால் உடனே போகும், எந்த இடத்தில் முட்டுது என்றும் காட்டும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே இந்தப் பட்டன்தான்.

குரூப் விஷயத்தில் ஒன்று. 'பிளான்ட்' என்ற குரூப்புக்குள் ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ் குரூப்களைப் போட்டு, பிளான்ட்டை மட்டும் ஆப்போடு இணைத்தால் உள் குரூப் ஆட்கள் போக மாட்டார்கள். நேரடி உறுப்பினர்களை மட்டுமே எடுக்கும். குரூப்பாக இணைப்பதற்கே என்ட்ராவின் காசு கட்டும் பி1 லைசன்ஸ் வேணும்.

காசு கொடுத்ததற்கு நியாயம் ஆள் வேலையை விடும்போதுதான் தெரியும். என்ட்ராவில் கணக்கை முடக்கினால் அடுத்த சுற்றில் ஆப்புக்கு 'ஆக்டிவ் இல்லை' என்று போகும். டைரக்டரியிலிருந்து நீக்கினால் 30 நாள் கழித்து நிரந்தரமாக அழியும்போது அங்கேயும் அழிக்கச் சொல்லும். ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனை உடனே வெட்டுவது அந்தந்த ஆப்பின் கையில். அதைவிட முக்கியம், எச்ஆர் கடைசி நாளை ஏற்றணும். ஓணம் லீவுக்குப் போன கான்ட்ராக்ட் ஆள் திரும்பி வரவில்லை என்று யாரும் சொல்லாவிட்டால் என்ட்ரா என்ன பண்ணும்?

இவ்வளவும் நடக்க எதிர்முனை ஆப்புக்கு 'ஸ்கிம்' தெரிந்திருக்கணும், அதாவது கணக்கு விவரங்களைப் பரிமாறும் பொதுவான முறை. 2.0 வெர்ஷன் 2015லேயே ஆர்எஃப்சியாக (இணையத்துக்கான பொது விதிமுறை ஆவணமாக) வந்துவிட்டது. இன்னும் பல கம்பெனிகள் இதை மேல் பிளானில் பூட்டி வைத்துத் தனியாகக் காசு கேட்கிறார்கள். சில பேர் 'ஜிட்' (ஜஸ்ட் இன் டைம்) இருக்கு, போதும் என்பார்கள். அது முதல் லாகினில் கணக்கைத் திறக்கும், அவ்வளவுதான். போன ஆளை மூடாது. விலை பேசும்போதே "ஸ்கிம் எந்தப் பிளானில்? டிசேபிள் வேலை செய்யுமா?" என்று கேட்டு, டெமோவில் ஒரு டெஸ்ட் யூசரை முடக்கிக் காட்டச் சொல்லுங்க.

இருபது முப்பது பேர் கம்பெனி, ரெண்டு ஆப் என்றால் கையாலேயே செய்துக்கலாம். மாசா மாசம் ஆள் மாறும் ஷிஃப்ட் வேலை என்றால் தாராளமாகப் போடலாம்.