வெள்ளியங்கிரிக்கு எந்த விதி பொருந்தும்?

சிவராத்திரி தொடங்கிக் கோடை முடியும்வரை, கையில் மூங்கில் தடியோடு கோவை அருகே பூண்டி அடிவாரத்திலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலை ஏறும் பக்தர் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இந்தக் காட்டை எப்படிக் காப்பது என்று ஒருமுறையாவது யோசித்திருப்பார்கள். இதற்கு மூன்று முன்மாதிரிகள் உண்டு.

அருகிலிருப்பது ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப். ஆனைமலை 2007இல் புலிகள் காப்பகமானது; அங்கே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. தங்குவதென்றால் வனத்துறையின் விடுதி, நடப்பதென்றால் வழிகாட்டி உடன் வர வேண்டும். புலிக் காட்டுக்கு இதுவே சரி. ஆனால் இரவெல்லாம் ஏறி விடியலில் ஏழாம் மலையைச் சேரும் பக்தர்களுக்கு விடுதி முறை எதற்கும் உதவாது.

கலிபோர்னியாவின் விட்னி மலையில் ஆட்களைக் குலுக்கலில் தேர்ந்து, எண்ணி உள்ளே விடுகிறார்கள். அதன் முதன்மைப் பாதையில் மே 1 முதல் நவம்பர் 1 வரை, ஒரே நாளில் ஏறித் திரும்புவோர் 100 பேர், இரவு தங்குவோர் 60 பேர் என்பதே நாளொன்றுக்கான வரம்பு. அவர்களும் தங்கள் மலத்தைப் பையிலிட்டுக் கீழே சுமந்து வர வேண்டும். காட்டுக்கு இதைவிட நன்மை வேறில்லை. எனினும் நேர்ந்துகொண்டு வருபவரிடம் குலுக்கலில் உங்கள் பெயர் விழவில்லை என்று அடிவாரத்தில் எந்த அலுவலர் சொல்வார்?

நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலைகளின் ஹை பீக்ஸ் காடு வேறு வழியில் செல்கிறது. பெரும்பாலான பாதைகளில் முன் அனுமதி தேவையில்லை. முகப்புப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு நடக்கலாம். கட்டுப்பாடெல்லாம் எங்கே, எப்படித் தங்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது. 4,000 அடிக்கு மேல் கூடாரம் கூடாது, ஏனெனில் அந்த உயரத்துச் செடிகள் மிதிபட்டால் மீள்வதற்கு நெடுங்காலமாகும். அதற்குக் கீழேயும், குறிக்கப்பட்ட இடம் அல்லாவிட்டால், பாதையிலிருந்தும் நீரிலிருந்தும் 150 அடி தள்ளியே தங்க வேண்டும். இரவு தங்கும் குழுவில் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கூட்டம் மிகுந்த கிழக்குப் பகுதியில் விறகு மூட்டவே தடை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அங்கே இரவு தங்குவோர் கரடி திறக்க முடியாத பெட்டியில்தான் உணவை வைக்க வேண்டும். யானை வருவது பூண்டிக்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல என்பதால், இந்தக் கடைசி விதியின் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் தேர்வு மூன்றாவதே. அடிவாரத்தில் பைகளைச் சோதித்து நெகிழியைத் தடுக்கும் வனத்துறை, ஆளை நிறுத்தாமல் நடத்தையைத் திருத்தும் இதே வழியில் ஏற்கெனவே ஓரடி வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை அடிவாரத்தோடு முடிகிறது. களைத்தவர்கள் படுப்பதும் குளிர் காய்வதும் மேலேதான். ஆறாம் மலையில் ஆண்டி சுனையில் நீராடிவிட்டு ஏழாம் மலைக்குப் போவது வழக்கமாதலால், சுனையிலிருந்து 150 அடிக்குள் படுக்கவோ தீ மூட்டவோ கூடாது என்ற பலகையை முதலில் அங்கே நடலாம். பருவம் முழுவதும் அதனருகே இரண்டு காவலர்களையும் நிறுத்த வேண்டும்.