கப்கேக் சோப்: பேஸை உருக்கி ஊற்றுவதா, எண்ணெயிலிருந்து தொடங்குவதா?

கிரீம் சுழித்த கப்கேக்கைப் போலவே தோன்றும் சோப்பை வீட்டில் செய்ய விரும்புவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது நிறத்தையோ வாசனையையோ அல்ல, செய்முறையைத்தான். கட்டியாக விற்கப்படும் கிளிசரின் சோப் பேஸை உருக்கி அச்சில் ஊற்றுவது ஒரு வழி. எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் கலந்து சோப்பையே நாம் உண்டாக்கும் கோல்ட் பிராசஸ் மற்றொரு வழி. காவேரிப்பட்டணத்தில் உள்ள என் வீட்டில் இரண்டு முறைகளையும் பல தடவை செய்து பார்த்திருக்கிறேன். அடிப்பகுதியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மேலே சுழிக்கும் கிரீமில்தான் எல்லாம் இருக்கிறது.

பேஸ் முறையின் பெரிய நன்மை, காஸ்டிக்கைக் கையால் தொட வேண்டியதே இல்லை என்பது. சோப்பாக மாறும் வேலை பேஸ் தயாரிக்கும் இடத்திலேயே முடிந்துவிட்டதால், காலையில் ஊற்றினால் மாலையில் பயன்படுத்தலாம். கிரீமுக்கு 240 கிராம் வெள்ளை பேஸைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, 80 கிராம் திரவ சோப் சேர்த்து, கேக் மாவு அடிக்கும் மின் மிக்சரால் நுரைக்க அடிக்க வேண்டும். நுரை கெட்டியானதும், நுனியில் நாசில் என்னும் சிறு குழல் பொருத்திய பைப்பிங் பையில் (கேக்கின் மேல் கிரீம் பிழியும் கூம்புப் பை) நிரப்பிப் பிழிய வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பேஸ் ஆற ஆற இறுகும் தன்மையுடையது; மூன்றாவது கப்கேக்கைச் சுழிப்பதற்குள் நாசிலின் வாயில் அது உறைந்துவிடுகிறது. பையை வெந்நீரில் முக்கி இளக்கினால், அடித்த காற்றெல்லாம் வெளியேறிச் சுழியின் விளிம்பு மழுங்கிப்போகிறது. காற்று மிகுந்த அந்தக் கிரீம் குளியலறையில் சில நாட்களிலேயே கரைந்து, அடிப்பகுதி மட்டும் மொட்டையாக நிற்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. பேஸில் உள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால், புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மூடாமல் வைத்த கப்கேக் மறுநாள் காலையில் முத்து முத்தாக வியர்த்திருக்கும். செய்து முடித்த உடனே நெகிழித் தாளில் இறுக்கிச் சுற்றிவிட்டால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கோல்ட் பிராசஸில் அவ்வளவு அவசரம் இல்லை. நான் பயன்படுத்தும் அளவு 500 கிராம் எண்ணெய்க்கானது: தேங்காயெண்ணெய் 150, பாமாயில் 200, அரிசித் தவிட்டு எண்ணெய் 125, விளக்கெண்ணெய் 25 கிராம். இதற்குக் காஸ்டிக் சோடா 71 கிராம், தண்ணீர் 150 கிராம். ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவையான காஸ்டிக் வேறுபடும். ஆகவே ஓர் எண்ணெயை மாற்றினாலும் கணக்கை மறுபடி போட்டே ஆக வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கலவை சீறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். எவர்சில்வர் போதும், ஆனால் அந்தப் பாத்திரம் பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது.

எண்ணெயும் காஸ்டிக் நீரும் கலந்து இட்லி மாவுப் பதத்துக்கு வந்ததும் பாதியைக் காகிதக் கப்புகளில் ஊற்றிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவைக்கிறேன். அவ்வப்போது கரண்டியால் தூக்கிப் பார்க்க வேண்டும். முதலில் வழியும், பிறகு சொட்டும், ஒரு கட்டத்தில் கரண்டியைத் தூக்கிய இடத்தில் கூம்பாக எழும்பி, நுனி சற்றே வளைந்து, அப்படியே நிற்கும். அந்த நொடியில் நட்சத்திர நாசில் பொருத்திய பையில் நிரப்பிப் பிழிந்தால், ஒவ்வொரு மடிப்பும் கத்தியால் சீவியது போலத் தெளிவாக விழுகிறது. கலவை இன்னும் முழுதாகச் சோப்பாக மாறியிருக்காது என்பதால் பிழியும்போதும் கையுறை கட்டாயம். சித்திரை வெயிலில் இந்தப் பதம் விரைந்து வந்து விரைந்து கடந்துவிடுவதால், கோடையில் விடியற்காலையில் தொடங்குவது நல்லது.

வாசனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேக் என்றதும் வெனிலாவைத் தேடுகிறோம். அதிலுள்ள வெனிலின் நாளடைவில் சோப்பைப் பழுப்பாக்கிவிடும். டைட்டானியம் டையாக்சைடு போட்டு வெளுப்பாக்கிய கிரீம்கூடத் தப்புவதில்லை. வெனிலாவை அடிப்பகுதிக்கு மட்டும் சேர்த்தால் அந்தப் பழுப்பே சாக்லேட் நிறமாக அமைந்துவிடும். மேலே தூவ உண்மையான சர்க்கரை மணிகளைப் பயன்படுத்தினால் அவை கசிந்து சாயம் விடும், எறும்பும் வரும். பழைய சோப்பைத் துருவித் தூவுவதே மேல்.

மூன்றாவதாக, கெட்டிக் கொழுப்பை மிக்சரால் அடித்து நுரைத்து, அதில் ஆறிய காஸ்டிக் நீரைச் சேர்க்கும் முறையும் உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும் என்பதால், மார்கழியில் ஓசூரில் இது எளிது. தர்மபுரியில் கோடையில் எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து வைத்து எடுக்க வேண்டியிருக்கும்.

என் தேர்வு கோல்ட் பிராசஸ்தான். நாலு முதல் ஆறு வாரம் நிழலில் காற்றாட வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதன் கிரீம், அடிப்பகுதியோடு சேர்ந்து ஒரே சீராகத் தேய்கிறது. சிறுவர்களை வைத்துக்கொண்டு செய்யும் வீடுகளுக்கு மட்டும் பேஸ் முறையைச் சொல்வேன். விற்பனைக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு, எந்த முறையானாலும் அழகுசாதனப் பொருள் தயாரிப்பு உரிமம் தேவை.

சென்ற ஆண்டு அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு இவற்றைத் தட்டில் அடுக்கி வைத்தபோது, மூன்று வயதுக் குழந்தை ஒன்று எடுத்து வாய்க்கருகே கொண்டுபோய், "அத்தை, இது எனக்கா?" என்று கேட்டது. அதிலிருந்து ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு, "சோப், சாப்பிடக் கூடாது" என்று மூடியில் பெரிய எழுத்தில் எழுதிய பிறகே வெளியில் கொடுக்கிறேன்.