கஃபுவா, ராபர்ட்டோ கார்லோஸா: பின்கள ஓரத்தில் ஆட வருகிறவன் யாரைப் பார்க்க வேண்டும்?

வார இறுதிகளில் பதினைந்து வயதுப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். அவர்களில் நான்கு பேர் பின்களத்தின் ஓரங்களில் ஆடுகிறவர்கள். யாருடைய ஆட்டங்களை அவர்களுக்கு முழுதாகப் போட்டுக் காட்டுவது என்று போன வருடம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பிரேசில் அணியின் வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் ஒரே காலத்தில் ஆண்ட கஃபு, ராபர்ட்டோ கார்லோஸ் ஆகிய இருவரைத் தவிர வேறு பெயர் எனக்குத் தோன்றவே இல்லை. நான் கஃபுவைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கோப்பைகளை எண்ணினால் விடை கிடைக்காது. ராபர்ட்டோ கார்லோஸ் 1996 முதல் 2007 வரை ரியல் மாட்ரிட்டில் இருந்து ஸ்பெயின் லீக்கை நான்கு முறையும் சாம்பியன்ஸ் லீக்கை மூன்று முறையும் வென்றவர். கஃபு சாவோ பாலோ அணியோடு 1992, 1993 ஆண்டுகளில் தென் அமெரிக்காவின் லிபர்டடோரஸ் கோப்பையையும், ரோமா, மிலன் இரண்டு அணிகளோடும் இத்தாலி லீக்கையும், மிலனோடு 2007 சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றவர். 2002 உலகக் கோப்பை இருவருக்கும் பொது. தேசிய அணிக்கு கஃபு 142 ஆட்டங்கள், ராபர்ட்டோ கார்லோஸ் 125. உடலைக் காத்துக்கொண்டதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கஃபு மிலனை விட்டு விலகும்போது அவருக்கு 38 வயது நெருங்கியிருந்தது. மற்றவரோ 2015 இல் டெல்லி டைனமோஸ் அணிக்குப் பயிற்சியாளராக வந்து, தானே சில ஆட்டங்களில் களமிறங்கினார்.

உண்மையில் நான் முதலில் காட்டியது ராபர்ட்டோ கார்லோஸைத்தான். 1997 ஜூன் 3, லியோன் நகரம், பிரான்ஸுக்கு எதிரான ப்ரீ கிக். கோலிலிருந்து ஏறக்குறைய 35 மீட்டர். பந்தை வைத்துவிட்டு வெகுதூரம் பின்னால் போகிறார். குட்டிக் குட்டி அடிகளாக ஓடி வருகிறார். இடது காலின் வெளிப்புறத்தால் அடிக்கிறார். பந்து வெளியே போகிறது என்று நினைத்து, கோலுக்கு வலப்பக்கம் தள்ளி நின்ற பந்து பொறுக்கும் சிறுவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அந்த நொடியில் பந்து உள்ளே வளைந்து, கம்பத்தில் பட்டு வலைக்குள் போகிறது. கோல் கீப்பர் பார்த்தேஸ் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுபோகிறது.

அடுத்த வாரம் மைதானத்துக்குப் போனால், நான்கு பேரும் முப்பது மீட்டரில் பந்தை வைத்து வெளிக்காலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரணி பந்தைப் பிடுங்கியதும் திரும்பி ஓட ஒருவரும் இல்லை. நான் தப்பானதைக் காட்டிவிட்டேன் என்று அப்போது புரிந்தது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தத் திரும்பி ஓடும் ஓட்டம்தான். ரைட் பேக், அதாவது வலது ஓரத் தடுப்பாளர், முன்னேறி எதிரணியின் கோல் கோடுவரை போய்விட்டால், அவர் முதுகுக்குப் பின்னால் எண்பது மீட்டர் வெற்றிடம் கிடக்கிறது. ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அவர் அடித்த பந்து, அதாவது கிராஸ், தடுக்கப்பட்டால் எதிரணி முதலில் கண் வைப்பது அந்த இடத்தின் மீதுதான். போவதற்கு ஆசை போதும். வருவதற்குப் பழக்கம் வேண்டும். அதுவும் எண்பதாவது நிமிடத்தில், கால் கனக்கும்போது. கஃபுவின் ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். கிராஸை அடித்ததும் அது என்ன ஆகிறது என்று நின்று பார்ப்பது அரிது. பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே உடம்பு பாதி திரும்பியிருக்கும். ரோமாவில் அவரை 'பெண்டோலினோ' என்று அழைத்தார்கள். அது இத்தாலியின் விரைவு ரயில் ஒன்றின் பெயர். ஊசல் என்ற சொல்லிலிருந்து வந்தது. இதைவிடப் பொருத்தமான பெயர் ஒரு தடுப்பாட்டக்காரருக்குக் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. சாவோ பாலோ நகரின் விளிம்பில் இருக்கும் ஜார்டிம் இரேனே பகுதியில் வளர்ந்தவர். சிறுவனாகப் போன தேர்வுகளில் பல அணிகள் அவரைத் திருப்பி அனுப்பின. நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை ரைட் பேக்காக மாற்றியவர் சாவோ பாலோ அணியின் பயிற்சியாளர் டெலே சந்தானா. 1994 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பெஞ்சில்தான் இருந்தார். ரைட் பேக் ஜோர்ஜின்யோ காயமடைந்ததால் இருபது நிமிடம் கடந்த நிலையில் உள்ளே வந்து, கலிபோர்னியாவின் நண்பகல் வெயிலில் கூடுதல் நேரம் முடியும்வரை அந்த ஓரத்தில் ஓடினார். 2002 இல் அணித் தலைவர் பொறுப்பும், தலைவராக இருந்த எமர்சன் பயிற்சியில் காயமடைந்ததால்தான் அவருக்கு வந்தது. இறுதியாட்டம் நடந்த யோகோஹாமாவில் '100% ஜார்டிம் இரேனே' என்று எழுதிய சட்டையோடு கோப்பையை உயர்த்தினார். பையன்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். தேர்வுகளில் விரட்டப்பட்ட கதையையும் சொன்னேன். அதற்குமுன் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2002 பிரேசில் அணியிலும், லீக்கை வென்ற ரோமாவிலும் பின்னால் மூன்று நடுத்தடுப்பாளர்கள் இருந்தார்கள். கஃபு விட்டுப்போன இடத்தை மூடப் பக்கத்திலேயே ஆள் உண்டு. ஆகவே நான் சொல்லும் குணத்தை நால்வர் பின்களத்தில் (நடுவில் இருவர், ஓரங்களில் இருவர்) பார்க்க வேண்டுமானால் மிலன் ஆட்டங்களைத்தான் எடுக்க வேண்டும். அங்கே வரும்போது அவருக்கு வயது 33. சாவோ பாலோ காலத்தைத் துண்டு துண்டான காட்சிகளாகத்தான் பார்த்திருக்கிறேன்; என் தீர்ப்பு அந்த ஆண்டுகளுக்குச் செல்லாது.

ராபர்ட்டோ கார்லோஸ் தடுக்கத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருடைய வேகம் பல தவறுகளை அழித்தது. 2002 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மாட்ரிட் அணித் தோழர் ஜிடேன் காற்றிலேயே அடித்த அந்த கோலுக்குப் பந்தை உயரத் தூக்கிவிட்டவரும் அவர்தான். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் அதே ஜிடேன் பிரான்ஸுக்காக ப்ரீ கிக் அடித்தபோது ராபர்ட்டோ கார்லோஸ் பெனால்டி பெட்டியின் விளிம்பில் குனிந்து நின்றார், பிரான்ஸின் ஆன்றி தனியாகப் போய் கோல் அடித்தார் என்று பிரேசிலில் அவரைப் பிய்த்து எடுத்தார்கள். ஓர் அணி முழுவதும் கோட்டைவிட்டதை ஒருவர் தலையில் கட்டியது அநியாயம். ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த அந்த ஆட்டம்தான் தேசிய அணிக்கு இருவருக்குமே கடைசி ஆட்டம்.

ஆனாலும் அவரிடமிருந்து ஒரு பையன் எதை எடுத்துக்கொள்ள முடியும்? அந்தத் தொடையின் வலு, அந்த இடது கால், அந்த முதல் பத்து மீட்டர் வேகம்: இவற்றில் எதையும் நான் சொல்லித்தர முடியாது. கிராஸ் அடித்தவுடன் திரும்பு என்பதைச் சொல்லித்தரலாம். மூன்று மாதம் மிலன் ஆட்டங்களைப் பார்த்தபின், எங்கள் ரைட் பேக் ஒரு ஆட்டத்தில் பந்தை உள்ளே தூக்கிவிட்டு, அது தரையில் விழுமுன் திரும்பி ஓடத் தொடங்கினான். கோல் விழுந்ததை அவன் பார்க்கவே இல்லை. கூச்சல் கேட்டுத்தான் நின்றான்.

இடது காலால் ஆடும் பையன் மட்டும் ராபர்ட்டோ கார்லோஸின் மாட்ரிட் ஆட்டங்களைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். நான் தடுக்கவில்லை. அவன் காலில் நிஜமாகவே வலு இருக்கிறது.