பழைய ராமைப் போடலாமா, டிடிஆர்5-க்குப் போகலாமா?

டெஸ்க்டாப்பை மாற்றும்போது பழையதில் கிடந்த இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராமையும் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) கழற்றிப் புது மெஷினில் போட்டுக்கொண்டேன். டிடிஆர்5 அதற்கு அடுத்த தலைமுறை ராம். இப்போதும் அதில்தான் வேலை ஓடுகிறது. என் வேலை கல்யாண ஆல்பம் டிசைன். கேம் ஆடுகிறவர்கள் என் பேச்சைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

எது எதில் பொருந்தும் என்பது எளிது. இரண்டு வகைக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அதனால் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. ஏஎம்டி சிப்புகளுக்கான ஏஎம்5 மதர்போர்டு என்றால் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை சிப்புகள் இரண்டையும் ஏற்கும். எது என்பது வாங்கும் போர்டைப் பொறுத்தது. நான் ஐ5-12400 சிப்பும் டிடிஆர்4 போர்டும் வாங்கினேன். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ராம் விலை எகிறியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் முடிவைத் தீர்மானிப்பது விலையை விட உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் ஜன்னல் கம்பியே நிற்பதில்லை. போதாததற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் குமரி மாவட்டத்துக்கு உண்டு. ராமின் அடியில் உள்ள காண்டாக்டுகளில் தங்க முலாம் இருப்பதால் சட்டென்று கெடாது. ஆனால் முலாம் மிக மெல்லியது. அதன்மேல் ஈரமும் தூசியும் சேர்ந்து பிசுக்கு பிடிக்கும். டிஸ்ப்ளே வராமல் பீப் மட்டும் அடித்தால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான். பலரும் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அழுத்தித் தேய்த்தால் முலாமும் போகும், துகளும் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்து நன்றாக உலர விட்டாலே போதும்.

அப்புறம் ராமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராம். பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) போட்டுத்தான் மெஷினை ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதை ஆன் செய்தே சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் சரி, எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கெட்டதை ஒதுக்கிவிடுங்கள். பாதி ஆல்பத்தில் ஃபோட்டோஷாப் மூடிக்கொள்வதை விட ஒரு ராமை இழப்பது மேல். இந்தச் சோதனையில் தேறிய பழைய ராமை நான் தயங்காமல் நம்புவேன்.

பழையதோடு புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால், எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். வெவ்வேறு கம்பெனி ராமைக் கலந்து நீண்ட நாள் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை.

டிடிஆர்5 யாருக்கு? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடுகிறவர்களுக்கு அந்த வேகம் உண்மையிலேயே உதவும். இதே போர்டில் பின்னாளில் புதிய சிப் போட நினைப்பவர்களுக்கும் ஏஎம்5-தான் சரி. என் போர்டில் சிப் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு 14-ஆம் தலைமுறையோடு கதை முடிந்தது. கையில் இருப்பது ஒற்றை 4 ஜிபி ராம்தான் என்றால், அதற்காக டிடிஆர்4 போர்டு தேடி அலைவதில் அர்த்தமில்லை.